பத்தாம் வயதில் ஒரு கண்டம்: பழைய டீசல் பிக்கப்பின் நியாய விலை

1967ஆம் ஆண்டின் இறுதியில் ஜார்ஜ் அகர்லாஃப் என்ற இளம் அமெரிக்கப் பொருளியலாளர் புதுதில்லியில், இந்தியப் புள்ளியியல் கழகத்தில் ஓராண்டுப் பணியில் இருந்தார். பெர்க்லியில் எழுதி அனுப்பிவிட்டு வந்த கட்டுரை ஒன்றை முதல் இதழ் மறுத்த செய்தி அவருக்கு இங்கேதான் கிடைத்தது. அடுத்து அனுப்பிய இதழ், எடுத்துக்கொண்ட விஷயம் அற்பமானது என்று கருதியது. மூன்றாவதும் ஏற்கவில்லை. 1970இல் ‘குவார்ட்டர்லி ஜர்னல் ஆஃப் எகனாமிக்ஸ்’ வெளியிட்ட அந்தக் கட்டுரையின் பொருள், பழைய கார் வணிகம். 2001இல் அவருக்குக் கிடைத்த நோபெல் பரிசின் வேர் அதில்தான் இருக்கிறது.

வாதம் எளியது. வண்டியின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. தெரியாதவர் சராசரித் தரத்துக்குரிய விலையை மட்டுமே தர முன்வருவார். அந்த விலைக்குத் தம் நல்ல வண்டியை விற்க மனமில்லாதவர் சந்தையிலிருந்து ஒதுங்குவார். அவர் ஒதுங்கியதும் சராசரி இறங்கும். சராசரி இறங்கியதும் விலை இறங்கும். விலை இறங்கியதும் அடுத்த நல்ல வண்டி ஒதுங்கும். கடைசியில் சொத்தைகளே எஞ்சும். கட்டுரையில் இந்தியாவும் வருகிறது. கடை அரிசியில் வேண்டுமென்றே கலக்கப்பட்ட கல்லைப் பொறுக்கும் குடும்பத் தலைவியும், ஊர் வட்டிக்காரர் வாங்கும் கொடிய வட்டியும் அதில் உதாரணங்கள். இந்தியாவின் பழைய வண்டி மட்டும் இல்லை.

ஆங்கிலம் இத்தகைய சொத்தை வண்டிக்கு எலுமிச்சை என்று பெயரிட்டது; பெயர் பொருளின் மேல் விழுந்தது. தமிழ் வழக்கில் அதற்கு ஈடான சொல் வினையாகவே இருக்கிறது: ‘தலையில் கட்டிவிட்டான்.’ இந்தியில் ‘சுண்ணாம்பு பூசினான்’ என்னும் தொடர் ஏறக்குறைய அதே வேலையைச் செய்கிறது. இரண்டிலும் குற்றம் வண்டியுடையதன்று, ஆளுடையது. பழைய டீசல் பிக்கப்பின் விலை இந்தியாவில் எப்படி மதிப்பிடப்பட்டு வந்தது என்று பார்க்கும்போது இந்த வேறுபாடு வெறும் சொல் விளையாட்டாகத் தோன்றவில்லை. இங்கே வாங்குபவர் இரண்டு மறைவுகளுக்கு அஞ்ச வேண்டியிருந்தது. ஒன்று இயந்திரத்துக்குள் இருந்தது, மற்றொன்று காகிதத்துக்குள். முதலாவதை ஊரார் தம் அறிவாலும் உறவாலும் பெருமளவு வென்றுவிட்டனர். இரண்டாவதை இன்றும் வெல்ல முடியவில்லை. அதை மறைத்து வைப்பவர் விற்பவர் அல்லர் என்பதே காரணம்.

அகர்லாஃப் தில்லியில் இருந்த காலத்தில் இந்திய வாகனச் சந்தை அவருடைய கோட்பாட்டுக்குத் தலைகீழாக நடந்துகொண்டிருந்தது. புதிய காரின் விலையும் விற்பனையும் அரசின் கட்டுப்பாட்டில் இருந்தன. காத்திருப்போர் பட்டியல் ஆண்டுக்கணக்கில் நீண்டது. ஆகவே சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய வண்டி, ஓடாத புது வண்டியைவிட அதிக விலைக்குப் போனது. வாங்கியவர் செலுத்தியது இயந்திரத்துக்கான விலையன்று. காத்திருக்காமல் இருப்பதற்கான விலை. சரக்கு வண்டியில் இதற்கு மேல் இன்னொரு அடுக்கும் இருந்தது. 1939ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி வாடகைக்குச் சரக்கு ஏற்றப் பெர்மிட் வேண்டும். பெர்மிட்டுகளின் எண்ணிக்கை வரையறைக்குட்பட்டது. அதிகாரியின் அனுமதியின்றி அதைக் கைமாற்ற இயலாது. சட்டம் கைமாற்றாதே என்று சொன்ன பொருளுக்குச் சந்தை விலை உருவாகாமல் இருந்ததில்லை. பழைய லாரியை வாங்குபவர் பல நேரங்களில் லாரியோடு சேர்த்துப் பெர்மிட்டை வாங்கினார். உண்மையைச் சொன்னால், பெர்மிட்டோடு சேர்த்து லாரியை வாங்கினார்.

பிக்கப் இந்தச் சிக்கலிலிருந்து தப்பிப் பிறந்த வண்டி. 1980களின் நடுவில் ஜப்பானியக் கூட்டோடு நான்கு இலகு சரக்கு வண்டி நிறுவனங்கள் கிளம்பின: டி.சி.எம். டொயோட்டா, ஆல்வின் நிஸான், ஸ்வராஜ் மாஸ்டா, ஐஷர் மிட்சுபிஷி. அவற்றுக்கு விடையாக டெல்கோ 1986இல் 407ஐயும், 1988இல் டாட்டாமொபைல் 206 என்னும் பிக்கப்பையும் இறக்கியது. மகிந்திரா தன் ஜீப் அடித்தளத்தில் பெஜோ டீசல் இயந்திரத்தைப் பொருத்திய அனுபவத்தோடு அதே களத்துக்கு வந்தது. 1988ஆம் ஆண்டின் புதிய மோட்டார் வாகனச் சட்டம் பெர்மிட் முறையைத் தளர்த்தியதோடு நில்லாமல், 66ஆம் பிரிவில் ஒரு சிறு விலக்கையும் வைத்தது: சுமையோடு சேர்த்த மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட்டே தேவையில்லை. பிற்காலத்துப் பிக்கப்கள் பலவற்றின் மொத்த எடை 3,000 கிலோவுக்குச் சற்றே கீழே நின்றுவிடுவது தற்செயல் அன்று. பொறியாளரின் அளவுகோலில் பாதியைச் சட்டத்தின் ஒரு வரி தீர்மானித்திருக்கிறது. விளைவாக, பழைய பிக்கப்பின் விலையில் பெர்மிட்டின் நிழல் விழவில்லை. வாங்குபவர் முதல் முறையாக இயந்திரத்தை மட்டும் பார்த்து விலை பேசலாம் என்ற நிலை வந்தது.

இயந்திரத்தை எப்படிப் பார்த்தார்கள்? மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்து வயதைக் கணிப்பவரின் இடத்தில் இங்கே மெக்கானிக் நின்றார். வட இந்தியாவில் அவர் ‘மிஸ்திரி’. அவருடைய சோதனை வண்டி குளிர்ந்திருக்கும்போது தொடங்கும். ஆள் வருவதற்கு முன்பே விற்பவர் இயந்திரத்தை ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் அதுவே முதல் சாட்சியம். குளிர்ந்த நிலையில் முதல் முடுக்கில் வெண்புகை வந்து நெடுநேரம் அடங்காவிட்டால் அமுக்கம் குறைந்திருக்கிறது, அல்லது இன்ஜெக்டர் சரியாகத் தூவவில்லை. நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. கரும்புகை என்றால் டீசல் மிகுதி, அல்லது காற்று போதவில்லை. இது ஒப்பீட்டளவில் மலிவான நோய். பிறகு ஓடும் இயந்திரத்தில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறப்பார். அங்கிருந்து புகை குப்குப்பென்று வெளியேறினால் பிஸ்டன் வளையங்களும் சிலிண்டரும் தேய்ந்துவிட்டன என்று பொருள். இதை மறைக்க விற்பவர் கெட்டியான ஆயிலை ஊற்றியிருக்கலாம் என்பதால் ஆயிலை விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்ப்பார். சிலிண்டர் ஏற்கெனவே எத்தனை முறை கடைந்து பெரிதாக்கப்பட்டிருக்கிறது என்ற கேள்விக்கு அவர் எதிர்பார்ப்பது எண்ணை அன்று, விற்பவரின் முகத்தை.

கிலோமீட்டர் காட்டும் கருவியை எவரும் நம்பியதில்லை; அதன் கம்பியைக் கழற்ற ஒரு நிமிடம் போதும். அதற்குப் பதிலாக கிளட்ச் மிதியின் ரப்பர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, பின்சக்கர வில்பட்டையில் கூடுதலாகத் தகடு சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்தார்கள். கூடுதல் தகடு இருந்தால் அந்த வண்டி தன் அளவுக்கு மேல் சுமந்திருக்கிறது. சேஸிஸில் பற்றவைப்புத் தழும்பு இருக்கிறதா, அதைவிட முக்கியமாக, சேஸிஸுக்கு மட்டும் புதுக் கறுப்புச் சாயம் பூசப்பட்டிருக்கிறதா? என்ன ஏற்றிய வண்டி என்பதும் விலையைக் கூட்டும், குறைக்கும். மீன் ஏற்றிய வண்டியில் உப்புநீர் வடிந்து சேஸிஸை அரித்திருக்கும். செங்கல், மணல் ஏற்றியதில் தளமும் வில்பட்டையும் போயிருக்கும். பால் கேன் ஏற்றியது நெடுந்தூரம் ஓடியிருந்தாலும் நிதானமாக ஓடியிருக்கும். எந்த நூலிலும் இல்லாத, ஆனால் பட்டறைக்குப் பட்டறை ஏறக்குறைய ஒரே வரிசையில் சொல்லப்பட்ட அறிவு இது. இதற்கு ஒரு பொறியியல் அடிப்படையும் இருந்தது. 1951இல் பெங்களூரில் தொடங்கிய மைக்கோ நிறுவனத்தின் டீசல் பம்பும் இன்ஜெக்டரும் பலதரப்பட்ட வண்டிகளில் பொதுவாக இருந்தன. ஒரு வண்டியைப் பிரித்து மாட்டத் தெரிந்தவருக்கு அடுத்த வண்டியும் புரிந்தது. அகர்லாஃபின் வாங்குபவரைப் போல இந்திய வாங்குபவர் முற்றிலும் இருட்டில் நிற்கவில்லை. அரிசியில் கல் பொறுக்கும் கை இங்கேயும் இருந்தது. மெக்கானிக் இரு தரப்பிலும் தரகு வாங்கக்கூடியவர் என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆனால் ஊரில் மறுபடியும் முகத்தில் விழிக்க வேண்டிய மனிதர் ஓரளவுக்கு மேல் பொய் சொல்ல முடியாது.

இரண்டாவது மருந்து கடனிலிருந்து வந்தது. இங்கே வரலாறு ஒரு வேடிக்கை செய்கிறது. அகர்லாஃப் பணியாற்றிய அதே இந்தியப் புள்ளியியல் கழகத்தின் கொல்கத்தா வளாகத்தில், அவருக்குச் சில ஆண்டுகள் முன்பு, சென்னையில் கணிதம் பயின்ற ஒருவர் மூன்றாண்டுகள் படித்துச் சென்றிருந்தார். ஆர். தியாகராஜன் என்னும் அவர் 1961இல் நியூ இந்தியா அஷ்யூரன்ஸில் சேர்ந்தார். 1974இல் சென்னையில் ஸ்ரீராம் சீட்டு நிறுவனத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவரானார். 1979இல் ஸ்ரீராம் டிரான்ஸ்போர்ட் ஃபைனான்ஸ் உருவானது. பழைய லாரிக்குக் கடன் தருவது மடமை என்று வங்கிகள் ஒதுக்கிய தொழில் அது. ஒதுக்கப்பட்டவர்கள் தனிவட்டிக்காரரிடம் போய்க்கொண்டிருந்தார்கள். காப்பீட்டுத் துறையில் இழப்பைக் கணக்கிட்டுப் பழகியவருக்கு ஒன்று தெரிந்திருந்தது: இடர் பெரியதாகத் தோன்றுவதும் பெரியதாக இருப்பதும் வேறு வேறு. ஐந்து முதல் பன்னிரண்டு ஆண்டு பழைய வண்டி, அதை ஓட்டுபவரே உரிமையாளர், தவணையை நேரில் சென்று வாங்கும் ஊழியர் என்பதாக முறை அமைந்தது. அந்த ஊழியருக்கு ஓட்டுநரின் வீடும் தெரியும், வண்டியின் இருமலும் தெரியும். தவணை தவறினால் வண்டி திரும்பி வந்து மறுபடியும் விற்கப்பட வேண்டும் என்பதால், கடன் தருபவருக்கு உண்மை விலையை அறிவது தொழில் தேவையாயிற்று. ‘இந்த வண்டிக்கு இவ்வளவு வரை கடன் தருவார்கள்’ என்ற எண், பேரம் பேசுவோர் இருவருக்கும் பொதுவான ஓர் ஆதாரமாக நின்றது. அகர்லாஃபின் கட்டுரை அச்சேறிப் பத்தாண்டு ஆவதற்குள், அதைக் குறித்து எந்த விவாதமும் இன்றி, அதன் சிக்கலுக்கு ஒரு விடை சென்னையில் வட்டியோடு நடைமுறைக்கு வந்துவிட்டது.

அரசிடமும் மதிப்பிடும் கணக்குகள் உண்டு. அவை ஒன்றோடொன்று பேசுவதில்லை. வாடகைக்கு ஓடும் சரக்கு வண்டிக்கு வருமானவரி விதிகள் ஆண்டுக்கு 30 சதவீதத் தேய்மானம் தருகின்றன. சொந்தக் கடைச் சரக்கை ஏற்றும் வண்டிக்கு 15 சதவீதம். எஞ்சும் மதிப்பின் மீதே ஒவ்வோராண்டும் கழிப்பதால், 100 ரூபாய் வண்டி பத்தாண்டு முடிவில் முதல் கணக்கில் சுமார் 3 ரூபாய், இரண்டாவதில் சுமார் 20 ரூபாய். வண்டி ஒன்றே, ஏறிய மூட்டை யாருடையது என்பதுதான் மாறியது. காப்பீட்டுத் துறையின் அட்டவணையோ ஆறு மாதத்துக்குட்பட்ட வண்டிக்கு 5 சதவீதக் கழிவில் தொடங்கி, நான்கு முதல் ஐந்து ஆண்டு வரையிலான வண்டிக்கு 50 சதவீதத்தில் முடிகிறது. அதற்கு மேல் அட்டவணை இல்லை. ஐந்தாண்டு கடந்த வண்டியின் மதிப்பைக் காப்பீட்டு நிறுவனமும் உரிமையாளரும் பேசி முடித்துக்கொள்ள வேண்டும். எண்கள் மிகவும் தேவைப்படும் வயதில் அட்டவணை மௌனமாகிவிடுகிறது. மறுமுனையில், 2021இல் அறிவிக்கப்பட்ட பழைய வாகன அழிப்புக் கொள்கை, உடைக்கக் கொடுக்கும் வண்டிக்குப் புதிய வண்டியின் விலையில் 4 முதல் 6 சதவீதம் தரலாம் என்கிறது. அரசு காட்டும் அடித்தளம் அது.

இதற்கிடையில் மெக்கானிக்கின் காதும் தன் அதிகாரத்தை இழக்கத் தொடங்கியது. புகை விதிகள் இறுக இறுக டீசல் பம்பின் இடத்தை மின்னணுக் கட்டுப்பாட்டில் இயங்கும் காமன் ரெயில் முறை எடுத்துக்கொண்டது. இன்ஜெக்டரைக் கழற்றிப் பட்டறையிலேயே சரிசெய்த காலம் போய், கணினியைச் செருகிக் குறிப்பெண் படிக்கும் காலம் வந்தது. பழுது வந்தால் செலவு பன்மடங்கு. அதனால்தான் பழைய, எளிய இயந்திரம் கொண்ட பிக்கப்புக்கு, அதற்குப் பின் வந்த நவீனமானதைவிடச் சில ஊர்களில் மதிப்பு அதிகம் என்ற வினோதம் நேர்ந்தது. பழுதுபார்க்கத் தெரிந்த கை அருகில் இருப்பதும் விலையின் ஒரு பகுதிதான்.

ஆனால் பெரிய திருப்பம் பட்டறையிலிருந்து வரவில்லை. 2015 ஏப்ரல் 7 அன்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், பத்தாண்டு கடந்த டீசல் வண்டி எதுவும் தில்லியிலும் தேசியத் தலைநகர் வலயத்திலும் ஓடக்கூடாது என்று ஆணையிட்டது. 2018 அக்டோபர் 29 அன்று உச்ச நீதிமன்றம் அதை நடைமுறைப்படுத்தச் சொன்னது. தமிழில் உடைக்கப் போகும் வண்டியைக் ‘கண்டம்’ என்பார்கள். ஆங்கிலத்தின் ‘கண்டெம்ன்ட்’ அரசு அலுவலகங்கள் வழியாக வந்து சேர்ந்த சொல் அது. அதற்கு முன்பே தமிழில் இருந்த இன்னொரு ‘கண்டம்’ சோதிடத்துடையது: இன்ன வயதில் உயிருக்கு ஆபத்து என்று சாதகத்தில் குறிப்பது. வேர் வேறான இரண்டு சொற்கள் இந்த ஆணையில் ஒன்றாகிவிட்டன. வண்டி எப்படி ஓடுகிறது, எவ்வளவு புகைகிறது என்பது கேள்வியாகவில்லை. பிறந்த தேதிதான் கேள்வி.

தலைநகர் வலயம் தில்லியோடு முடிவதன்று. அரியானாவில் 14 மாவட்டங்கள், உத்தரப் பிரதேசத்தில் 8, இராஜஸ்தானில் 2 என்று அது விரிந்து கிடக்கிறது. முசாபர்நகர் வலயத்துக்கு உள்ளே; பக்கத்துச் சகாரன்பூர் வெளியே. கர்னால் உள்ளே; அதே நெடுஞ்சாலையில் அடுத்து வரும் குருட்சேத்திரம் வெளியே. கரும்பும் நெல்லும் ஒன்றுபோல் விளையும் மண்ணில் பிக்கப்பின் விலையை ஒரு மாவட்ட எல்லை அறுத்தது. கற்பனைக் கணக்கு ஒன்றால் இதன் அளவு புரியும். எல்லாச் செலவும் போக ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் மிச்சம் தரும் ஒன்பது வயதுப் பிக்கப் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வெளி மாவட்டத்தில் அது இன்னும் ஐந்தாண்டு ஓடும். ஆண்டுக்கு 18 சதவீத வட்டியில் கணக்கிட்டால், அந்த ஐந்தாண்டு வருவாயின் இன்றைய மதிப்பு சுமார் 3 லட்சத்து 13 ஆயிரம். உள் மாவட்டத்தில் ஓராண்டுதான். மதிப்பு 85 ஆயிரத்தைத் தொடாது. இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட வித்தியாசத்தில் இயந்திரத்துக்கு ஒரு ரூபாய்ப் பங்கும் இல்லை.

வித்தியாசம் இருக்கும் இடத்தில் தரகர் பிறப்பார். உள்ளே மலிவாக வாங்கி, தடையின்மைச் சான்று பெற்று, வெளியே எடுத்துச் சென்று மறுபதிவு செய்து விற்பது ஒரு தொழிலாயிற்று. தில்லியின் காற்றுக்கு ஆகாதது வேறு மாநிலத்தின் காற்றுக்கு ஆகும் என்பது இந்த ஏற்பாட்டின் சொல்லப்படாத பொருள். நியாய விலை என்ற நோக்கில் பார்த்தால் இழந்தவர் யார் என்பதும் தெளிவு. முதல் உரிமையாளர் ஐந்தாம் ஆண்டிலேயே விற்று வெளியேறியிருப்பார். எட்டாம் ஆண்டில் சேமிப்பையும் கடனையும் சேர்த்து வாங்கிய காய்கறி வியாபாரியோ பால்காரரோதான் ஆணை வந்த நாளில் வண்டியின் உரிமையாளர். அவருக்கு விற்றவர் எதையும் மறைக்கவில்லை, விற்றவருக்கே தெரியாது. அகர்லாஃபின் கோட்பாட்டில் ஒருவருக்குத் தெரிந்து மற்றவருக்குத் தெரியாத குறைதான் சந்தையைக் கெடுக்கிறது. இங்கே இருவருக்கும் தெரியாத குறை, விற்பனைக்குப் பின் வண்டிக்குள் வந்து அமர்ந்தது. மெக்கானிக்கின் காதோ, கடன்காரரின் அனுபவமோ இதைப் பிடிக்க முடியாது. காற்று மாசின் கொடுமையைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. தில்லியின் குழந்தைகள் சுவாசிப்பது உண்மையான நஞ்சு. ஆனால் அந்த நஞ்சை அகற்றும் செலவில் ஒரு பெரும்பங்கு, வண்டியைக் கடைசியாக வாங்கியவரிடம் எந்த இழப்பீடும் இன்றி வசூலிக்கப்பட்டது என்பதும் அதே அளவு உண்மை.

ஆணையும் ஓரிடத்தில் நிற்கவில்லை. 2025 ஜூலை 1 முதல் தில்லியின் எரிபொருள் நிலையங்களில் வயது கடந்த வண்டிக்கு டீசல் கிடையாது என்றார்கள். சில நாட்களிலேயே அது நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்ட் 12 அன்று உச்ச நீதிமன்றம், வயதை மட்டும் காரணமாக்கி உரிமையாளர்மீது கடுமையான நடவடிக்கை வேண்டாம் என்றது. டிசம்பர் 17 அன்று அந்தப் பாதுகாப்பைப் பாரத் ஸ்டேஜ் 4ஆம் தரமும் அதற்கு மேற்பட்டதுமான வண்டிகளுக்கு மட்டும் எனச் சுருக்கியது. செப்டம்பரில் புதிய சரக்கு வண்டிகளின் ஜி.எஸ்.டி. 28இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. புதியதன் விலை இறங்கியதால் பழையதும் இறங்கியாக வேண்டியிருந்தது. ஆறு மாதத்துக்குள் ஒரு பழைய பிக்கப்பின் விலை எத்தனை முறை ஏறி இறங்கியிருக்கும் என்பதை அதன் மீட்டரோ புகையோ காட்டப்போவதில்லை.

டிசம்பர் ஆணைக்குப் பிறகு பதிவுச் சான்றில் அதுவரை பெரும்பாலோர் படிக்காத ஒரு வரி பேரத்தின் மையத்துக்கு வந்தது. நான்காம் தரம் தில்லி உள்ளிட்ட பெருநகரங்களில் 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. நாடு முழுவதற்கும் 2017 ஏப்ரலில்தான். ஆகவே ஒரே ஆண்டில் ஒரே பெயரில் விற்பனையான இரண்டு பிக்கப்களுள் ஒன்று மூன்றாம் தரமாகவும் மற்றொன்று நான்காம் தரமாகவும் இருக்கக்கூடும். முதலில் எந்த ஊரில் விற்கப்பட்டது என்பதைப் பொறுத்தது அது. குளிர்ந்த இயந்திரத்தை முடுக்கச் சொல்வதற்கு முன்பே வாங்குபவர் இப்போது கேட்பது பதிவுச் சான்றை.